பங்கஜவல்லிக்காகப் பறந்த விமானம்

அக்ரஹாரம், மைசூர்
8 ஜனவரி 1951

லண்டன் மாநகரத்துச் சளியையும் இருமலையும் ஒற்றைக் கையால் அடக்கி ஆளும் டாக்டர் ஸத்யபாமா அவர்களின் சமூகத்துக்கு, மைசூர் ரயில்வேயின் ஓய்வுபெற்ற பார்சல் குமாஸ்தாவும், உன் தாயார் பங்கஜவல்லியின் ஒரே தம்பியும், இந்தத் தெருவில் நாய்களால் மட்டும் மதிக்கப்படுகிறவனுமாகிய செலுவநாராயணன் எழுதிக்கொண்டது.

இங்கே குளிர் தாங்கவில்லை. நேற்றுக் காலை நான் பேசிய பேச்சு வாசலிலேயே உறைந்து நின்று, பத்து மணி வெயில் வந்த பிறகுதான் உருகிக் கேட்டது. பால்காரனைத் திட்டியிருந்தேன். அதற்குள் அவன் பணம் வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான்.

உன் அம்மா சௌக்கியம். எழுதாதே என்று உத்தரவு போட்டிருப்பதால் சௌக்கியம் என்றே எழுதுகிறேன். கால்களை மட்டும் அரண்மனை யானையிடம் இரவல் வாங்கியிருக்கிறாள். பெருமாள் அறையிலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் மேல்கோட்டை மலையை ஏழு தரம் ஏறினவள் மாதிரி மூச்சு வாங்குகிறாள். ராத்திரி படுப்பதில்லை. நாலு தலையணையை அடுக்கிச் சாய்ந்து, மகாராணி கொலு வீற்றிருப்பது போல வீற்றிருக்கிறாள். டாக்டர் நரசிம்மமூர்த்தி வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்னைத் தனியாக வாசலுக்கு அழைத்துப்போய், பெண் எப்போது வருகிறாள் என்று கேட்டார். அவருக்கு உன் மேல் அவ்வளவு பிரியம்.

தினமும் சாயங்காலம் உன் அம்மா என்னைக் கேட்பது ஒரே கேள்வி: "லண்டன் எத்தன தூரம்டா?" தினமும் நானும் சொல்கிறேன். தினமும் அவள் நம்புவதில்லை.

வருவாயா?

மாமா

*

லண்டன்
17 ஜனவரி 1951

மாமாவுக்கு பாமாவின் நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை நம் வீட்டு வழக்கப்படி பத்தால் வகுத்துப் படித்தேன். அப்பா உயிரோடு இருந்தபோது ஏற்படுத்திய வழக்கம், இந்த ஊருக்கும் என்னோடு வந்திருக்கிறது. ஆனால் மாமா, பத்தால் வகுத்த பிறகும் மிச்சம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை செய்தாலும், பெரியவர்களின் இருதயம் எப்படித் தளரும் என்று எனக்குத் தெரியும்.

யானை வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வீங்கியிருப்பது ஒரு காலா, இரண்டு காலுமா? விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? தலையணை உண்மையிலேயே நாலா?

லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். விமானத்துக்கு வேண்டிய பணமும் கையில் இருக்கிறது. இங்கிருந்து ஜெனீவா, கெய்ரோ, பிறகு பம்பாய். ஐயாயிரம் மைலுக்குக் கொஞ்சம் அதிகம். இறங்கி ஏறுவதையெல்லாம் சேர்த்தாலும் ஒன்றரை நாளுக்குள் பம்பாய் மண்ணில் நிற்கலாம். கப்பல் என்றால் கிட்டத்தட்ட மூன்று வாரம்.

என்னிடம் இல்லாதது அம்மாவின் சம்மதம் ஒன்றுதான். நான் கிளம்புவதற்கு முந்தின வாரம், மேல்கோட்டையில் யோக நரசிம்மர் சன்னதிப் படியில் என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள், ஆகாய விமானத்தில் ஏறமாட்டேன் என்று. அந்தப் பயம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாதம் தினமும் சாப்பாட்டு வேளையில் சொன்னீர்கள். மேகத்தில் மோதினால் இறக்கை அப்பளமாக நொறுங்கும் என்றீர்கள். கழுகு வந்து உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடும் என்றீர்கள். மேலே போனதும் காது வழியாக மூளை ஆவியாகும் என்றீர்கள். ரயில்காரருக்கு விமானத்தின் மேல் பொறாமை என்று நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

இப்போது நீங்களே அவளிடம் பேசுங்கள். நான் எழுதினால் அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாள்.

பாமா

*

அக்ரஹாரம், மைசூர்
25 ஜனவரி 1951

டாக்டரம்மா,

இரண்டு காலும். குழி விழுகிறது, மூட நேரமாகிறது. தலையணை நாலு. இந்த மூன்றையும் வகுக்காதே.

இனி என் தூதைக் கேள். உன் கடிதம் வந்த அன்றே உன் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, விமானம் என்கிற புஷ்பக விமானத்தின் புகழைப் பாடத் தொடங்கினேன். அதில் உட்காரும் நாற்காலி அரண்மனை மஞ்சத்தைவிட மெத்தென்று இருக்கும் என்றேன். ஓட்டுகிறவன் தூங்கிவிட்டாலும் அது தானே வழி கேட்டுப் போய்ச் சேரும் என்றேன். அவள் அசையவில்லை. சரி, வேகத்தைச் சொன்னால் மயங்குவாள் என்று எண்ணி, லண்டனில் ஏறி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினால் பம்பாயில் இறங்கித்தான் மடிக்க முடியும், அத்தனை வேகம் என்றேன்.

அங்கேதான் தோற்றேன். உன் அம்மா மூச்சை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: "அத்தன வேகமாப் போனா கொழந்தையோட உசிரு பின்னாடியே தங்கிடாதா?"

நாற்பது வருஷம் வாயால் பிழைத்தவன் நான். பேச்சைத் திருப்பினேன். கழுகைப் பற்றிச் சொன்னதெல்லாம் விளையாட்டு அக்கா என்றேன். அது விளையாட்டு என்றால் இதுவும் விளையாட்டுத்தானே என்றாள்.

ஆகவே ராஜதந்திரம் ஒன்று யோசித்திருக்கிறேன். நீ பறந்து வந்துவிடு. பம்பாயில் மாதுங்காவில் நம்பி இருக்கிறானே, உன் அப்பாவின் தங்கை பிள்ளை, அவன் வீட்டில் இரண்டு நாள் கப்பல் களைப்போடு படுத்திரு. பிறகு இங்கே வந்து, கப்பலில் வந்தேன் என்று சொல். கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் உப்பாக இருந்தது என்று சொல், போதும். உன் மனசு உறுத்தும் என்றால், 'அம்மா சம்மதித்தாள்' என்று நான் ஒரு தந்தியும் அடித்துவிடுகிறேன். பாவம் என் கணக்கில் ஏறட்டும். அங்கே ஏற்கெனவே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, இது ஒன்று எந்த மூலைக்கு?

மாமா

*

லண்டன்
3 பிப்ரவரி 1951

மாமா,

இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே வந்தது ஒரு வருஷப் படிப்புக்கு என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னது நீங்கள். மூன்று வருஷம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். முதலில் அனுப்பிவிடலாம், பிறகு பழகிவிடுவாள் என்றீர்கள். நானும் தலையாட்டினேன். முதல் வருஷம் முடிந்ததும் அவள் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருந்தாள் என்று நீங்களே எழுதினீர்கள், வேடிக்கையாக. அந்தக் கடிதத்தை என்னால் இன்னும் முழுசாகப் படிக்க முடிவதில்லை.

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இன்னொரு பொய்யோடு அவள் தலைமாட்டில் போய் நிற்க மாட்டேன். அவள் தலைமேல் வைத்த கை மாமா, வேறு யார் தலையும் இல்லை. படித்தவள் இதையெல்லாம் நம்புகிறாளா என்று கேட்பீர்கள். நம்புகிறேனா என்று எனக்கே தெரியாது. அவள் நம்புகிறாள். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது, நான் சத்தியத்தை மீறினேன் என்று எப்படியாவது தெரிந்துவிட்டால், அது அவளை என்ன செய்யும் என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்படி ஒரு தந்தி அடிக்காதீர்கள். வந்தால் கிழித்துப் போடுவேன்.

பிப்ரவரி 24-ஆம் தேதிக் கப்பலில் இடம் பதிவு செய்திருக்கிறேன். அதற்கு முந்தி எதிலும் இடமில்லை. அதற்குள் அம்மா நிஜமாகவே மனம் மாறினால் விமானம். இல்லாவிட்டால் கப்பல். பகலில் இரண்டு வேளை அவளைச் சாய்வாக உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். சாதத்தில் உப்பு வேண்டவே வேண்டாம்.

பாமா

*

அக்ரஹாரம், மைசூர்
14 பிப்ரவரி 1951

பாமா,

திட்டு வந்து சேர்ந்தது. தபால்காரன் கை சுட்டது என்றான்.

நீ சொன்னதை யோசித்தேன். வாயால் போட்ட முடிச்சை வாயால் அவிழ்க்க முடியவில்லை. ஆகவே, வாழ்நாளில் ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறாத உன் மாமா, போன சனிக்கிழமை பெங்களூருக்குப் போய் பம்பாய் விமானத்தில் ஏறினான்.

உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த மார்வாடி சேட்டின் கையைப் பிடித்தேன். பம்பாயில்தான் விட்டேன். அவருடைய மோதிரம் என் உள்ளங்கையில் இன்னும் பதிந்திருக்கிறது. அந்த டகோடா விமானம் கிளம்பும்போது என் குலதெய்வங்கள் எல்லாரும் கீழேயே நின்றுவிட்டார்கள், ஒருவரும் கூட வரவில்லை. ஹூப்ளிக்கு மேலே எங்கோ கண்ணைத் திறந்து பார்த்தேன். நான் முப்பது வருஷம் பார்சல் ஏற்றிய ரயில் பாதை கீழே ஒரு நூல் மாதிரி கிடந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை. திரும்பும்போது ரயிலில் வந்தேன், அதை அவளிடம் சொல்லவில்லை.

வந்தவுடன் அவள் எதிரில் உட்கார்ந்து, கையடித்து, ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னேன். அக்கா, ஏறினேன். உட்கார்ந்தேன். ஒரு டம்ளர் காபி கொடுத்தார்கள். இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

 உன் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நீ பொறந்ததுலேர்ந்து இப்படி வெறுமையாப் பேசினதே இல்லியேடா செலுவா," என்றாள். "மேல என்னமோ பயங்கரமா நடந்திருக்கு. மறைக்கறே."

எவ்வளவோ சொன்னேன். கழுகு வந்ததா, நிஜத்தைச் சொல்லு என்கிறாள். கடைசியில் ஒரு சின்னக் கழுகு வந்தது, கைகாட்டிவிட்டுப் போயிற்று என்று சொன்னேன். அப்போதுதான் அவளுக்கு நிம்மதி. ஆனால் சம்மதம் வரவில்லை.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. விடமாட்டேன்.

மாமா

*

தந்தி
மைசூர், 21 பிப்ரவரி 1951

அம்மா சம்மதித்தாள். உடனே விமானத்தில் கிளம்பு. இது நிஜம். செலுவன்.

*

டில்பரி துறைமுகம்
23 பிப்ரவரி 1951

மாமா,

தந்தி நேற்று வந்தது. கிழிக்கவில்லை, மனசு வரவில்லை. 'இது நிஜம்' என்று சேர்த்திருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்தபோது நீங்கள் தந்தி ஆபீசில் நின்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்ததே கண்ணில் தெரிந்தது. கப்பல் கிளம்பும்வரை பொறுக்க முடியாமல் என் பாவத்தையும் உங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளப் பார்த்தீர்கள். கோபம் வரவில்லை. இந்தத் தடவை உங்கள் பொய்யில் எவ்வளவு பயம் இருக்கிறது என்று மட்டும் புரிந்தது.

ஒரு விமானத்தில் இடம் இருந்ததாம், விசாரித்தேன். டிக்கெட் ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே போயிருந்தால் இந்தக் கடிதம் உங்களைச் சேருவதற்கு முன்னால் நானே வந்து சேர்ந்திருப்பேன். ஆனால் அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, எப்படி வந்தாய் என்றுதான் இருக்கும். அப்போது அவள் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவேண்டும்.

நாளைக் காலை கப்பல். அம்மாவிடம் சொல்லுங்கள், கடல் வழியாக, சொன்ன சொல் தவறாமல் வருகிறேன் என்று.

கடைசியாகப் பார்த்தபோது கால் வீக்கம் முட்டிக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று ஏடனுக்கு எழுதுங்கள். கப்பல் அங்கே நிற்கும்போது தபால் கிடைக்கும்.

பாமா

*

அக்ரஹாரம், மைசூர்
1 மார்ச் 1951

பாமா,

அது நிஜம்.

இருபத்தொன்றாம் தேதி விடியற்காலையில் அவளுக்கு மூச்சு அடைத்தது. டாக்டர் வந்து ஊசி போட்டுக் கொஞ்சம் தெளிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். பக்கத்தில் டாக்டரும் இருந்தார், சாட்சி வேண்டுமானால் அவரைக் கேள். "அவகிட்ட வாங்கின சத்தியத்த நானே திருப்பி எடுத்துக்கறேன். பறந்து வரச் சொல்லு. பயம் என்னோட இருந்துட்டுப் போறது," என்றாள். பிறகு தன் கையைத் தன் தலைமேல் தானே வைத்துக்கொண்டு, எடுத்துக் கீழே வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த சடங்கு.

செருப்புப் போடாமல் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். அவள் சொன்னது சொன்னபடி எழுதினேன். நீ நம்பவேண்டுமே என்பதற்காக 'இது நிஜம்' என்று எழுதினேன். டாக்டர் பெயரில் அடித்திருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு தோன்றுகிறது.

உன் கடிதம் இன்று காலை வந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து கேட்டாள், பாமா ஏறிட்டாளா என்று. அதுவரை, இடம் கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்று சொல்லி வைத்திருந்தேன். நீ நம்பாமல் கப்பல் ஏறினாய் என்று எப்படிச் சொல்வது? சத்தியத்தை விட்டுக்கொடுக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அது உன்னை வந்து சேரவே இல்லை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

"ஏறிட்டா அக்கா," என்றேன்.

ஆகவே இப்போது நீ ஆகாயத்தில் இருக்கிறாய். பொய் வேண்டாம் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. மன்னித்துவிடு. இந்த ஒன்றரை நாளை எப்படி இரண்டு வாரமாக நீட்டப்போகிறேன் என்று தெரியவில்லை. வீக்கம் முட்டிக்கு மேலே ஏறியிருக்கிறது.

செலுவன்

*

ஏடன் துறைமுகம்
9 மார்ச் 1951

மாமா,

உங்கள் கடிதத்தை மேல்தளத்தில் நின்று படித்தேன். இரண்டாம் தரம் உட்கார்ந்து படித்தேன்.

இத்தனை வருஷமாக உங்களை வகுத்து வகுத்தே பழகிவிட்டேன். முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு வரி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. டிக்கெட் ஆபீசின் கதவுப்பிடி பித்தளை. அதைத் தொட்டுக்கூடப் பார்த்தேன், மாமா.

இங்கிருந்து பம்பாய்க்கு விமானம் உண்டா என்று கரையில் விசாரித்தேன். அடுத்தது கிளம்புவதற்குள் இந்தக் கப்பலே போய்ச் சேர்ந்துவிடும் என்கிறார்கள்.

அம்மாவிடம் எதையும் மாற்றிச் சொல்லாதீர்கள். நான் வாசலில் வந்து நிற்கும்வரைக்கும் அந்த விமானத்தை இறக்கிவிடாதீர்கள். உங்களால் முடியும். உலகத்தில் வேறு யாராலும் முடியாது. என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறேன்.

பாமா

*

அக்ரஹாரம், மைசூர்
10 மார்ச் 1951

சிரஞ்சீவி பாமாவுக்கு,

இதை நம்பியிடம் அனுப்பியிருக்கிறேன். கப்பலிலிருந்து இறங்கியதும் அவன் உன்னை நேராக வீட்டுக்கு அழைத்துப்போய், உட்கார வைத்து, அதற்கப்புறம்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். நானே வந்திருப்பேன். இங்கே காரியங்கள் நடக்கின்றன, விட்டு வரமுடியவில்லை.

அம்மா ஐந்தாம் தேதி காலையில் போய்விட்டாள். கப்பலுக்குத் தந்தி அடிக்கலாம் என்று சொன்னார்கள். நடுக்கடலில் உன் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று நினைத்து, அடிக்கவில்லை. அது சரியா தப்பா என்று தெரியவில்லை.

கடைசி நாலு நாளும் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முதல் நாள் உன்னை ஜெனீவாவில் இறக்கினேன். அங்கே பனி, விமானத்தின் மேல் விழுந்த பனியைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். மறுநாளும் பெருக்கினார்கள். மூன்றாம் நாள் கெய்ரோவில் மணல் புயல். விமானத்துக்கு ஒட்டகத் தோலில் போர்வை போர்த்தியிருக்கிறார்கள் என்றேன். சாப்பாட்டுக்கு என்ன பண்றா என்று கேட்டாள். பக்கத்து ஆசனத்தில் ஒரு திருநெல்வேலி மாமி, தூக்குப் பாத்திரத்தில் தயிர்சாதம் கொண்டுவந்திருக்கிறாள் என்றேன். மாமிக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். ஆறு என்றேன். அவள் பயப்படவில்லை பாமா. பயப்படுவாள் என்று நினைத்தேன். உத்தரத்தையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் அரபிக் கடலுக்கு மேலே எதிர்க்காற்று என்றேன். முன்னால் ஒரு மைல் போனால் காற்று பின்னால் ஒரு மைல் தள்ளுகிறது, நின்ற இடத்திலேயே பறந்துகொண்டிருக்கிறது என்றேன். அன்று முழுக்க அதையே சொன்னேன். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஐந்தாம் தேதி விடிந்ததும் கையைக் காட்டிப் பக்கத்தில் வரச் சொன்னாள். குரல் இல்லை, குனிந்துதான் கேட்டேன்.

"ஒண்ணரை நாள்னு நீதானே சொன்னே," என்றாள். "இத்தன நாளாப் பறக்கறா. கொழந்தை களைச்சிருப்பா. இறக்கிடு செலுவா."

பம்பாயில் இறக்கினேன். நம்பி வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டான் அக்கா என்றேன். சரி என்று தலையசைத்தாள். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

நம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறு. மைசூர் ஸ்டேஷனில் நிற்கிறேன்.

செலுவன்